தேர் ஒன்று, திரை மூன்று

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பினாங்கில் தேர் புறப்பட்டதும், கூட்டத்துக்குள் போக முடியாத பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் ஒரே ஊர்வலம் மூன்று விதமாகத் தெரியும். கூடத்துத் தொலைக்காட்சியில் தேர் இன்னும் தேங்காய் உடைக்கும் இடத்தில் நிற்கிறது. பேரன் கையிலிருக்கும் கைப்பேசியில் அது அடுத்த முனையைத் தாண்டிவிட்டது. சமையலறை மடிக்கணினியிலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "லைன் சரியில்லை" என்ற ஒரே தீர்ப்பில் வழக்கு முடிந்துவிடும்.

மூன்று திரைக்கும் வருவது ஒரே வைஃபை. அப்படியிருக்க மூன்றும் மூன்று விதமாக நடந்துகொண்டால், லைனைத் தவிர வேறு எதையோ பார்க்க வேண்டியிருக்கிறது. கோயில், திருமண மண்டபம், சங்கக் கூட்டம், ஈமச்சடங்கு என மலேசியாவில் நம் ஊர்களில் நேரலை போகாத நிகழ்ச்சி இன்று குறைவு. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் செயலவையில் "கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த" ஒரு தம்பியும் ஒரு மடிக்கணினியும்தான். அந்தத் தம்பிக்கும், வீட்டில் பாட்டிக்குத் திரையைச் சரிசெய்து கொடுக்கிற பேரனுக்கும் பயன்படட்டும் என்று இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குடம் குடமாக வரும் தண்ணீர்

நேரலை என்றதும் குழாயைத் திறந்தால் கொட்டும் தண்ணீர் போல நினைத்துக்கொள்கிறோம். பிரவுசருக்குள் அது குடம் குடமாக வருகிறது. கேமராவிலிருந்து வரும் படத்தைச் சர்வர் 2 நொடி, 4 நொடி, 6 நொடி என்று சிறு கோப்புகளாக வெட்டி வைக்கிறது. கூடவே ஒரு சின்ன எழுத்துக்கோப்பு இருக்கும். இப்போது கிடைக்கும் துண்டுகள் எவை, அடுத்தது எது என்ற பட்டியல் அதில் இருக்கும். பிரவுசர் சில நொடிக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, புதிய துண்டு இருந்தால் இறக்கி, தன்னிடம் சேர்த்து வைத்து, வரிசையாக ஓட்டுகிறது. சேர்த்து வைக்கும் அந்த இடத்துக்குப் பெயர்தான் பஃபர். ஆப்பிள் நிறுவனம் 2009இல் ஐபோனுக்காகக் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை இது. 2012இல் சர்வதேசத் தரமாக வந்த டாஷ் முறையும் அடிப்படையில் இதேதான். சாதாரண வலைப்பக்கத்தை அனுப்பும் அதே எச்டிடிபி வழியில் போவதால், தனியாக எந்தக் கதவையும் திறந்துவிட வேண்டியதில்லை. அதனால்தான் இந்த முறை நிலைத்துவிட்டது.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதை இனிக் கணக்குப் போடலாம். ஒரு துண்டு 6 நொடி என்றால், அது முழுதாக நிறையும் வரை பட்டியலில் ஏறாது. எச்எல்எஸ் விதிமுறைப்படி, பட்டியலின் கடைசியிலிருந்து குறைந்தது மூன்று துண்டு நீளம் பின்னால் இருந்துதான் ஓட்டத் தொடங்க வேண்டும். அங்கேயே 18 நொடி போய்விட்டது. அடுத்த துண்டு நிறையும் வரைக்கும் 6 நொடி, படத்தைச் சுருக்கவும் மேலேற்றவும் இரண்டு மூன்று நொடி என்று கூட்டினால் 25 நொடி சர்வசாதாரணமாக வரும். இடையில் ஒருமுறை வட்டம் சுற்றியிருந்தால் அந்த நேரமும் சேர்ந்துகொள்ளும். சில பிளேயர்கள் பின்தங்கியதை உணர்ந்து வேகத்தைச் சற்றே கூட்டி எட்டிப் பிடிக்கும். சில அப்படியே பின்னால் நின்றுவிடும். கூடத்துத் தொலைக்காட்சியும் பேரன் கைப்பேசியும் வெவ்வேறு முனையில் நின்றதற்குக் காரணம் இவ்வளவுதான்.

துண்டை 2 நொடியாக்கினால் தாமதம் 10 நொடி அளவுக்கு இறங்கும். ஆனால் கேட்டு வாங்கும் தடவைகள் மூன்று மடங்காகும், பஃபரில் இருக்கும் கையிருப்பும் குறையும். நெட் 7 நொடி தடுமாறினால், 18 நொடி கையிருப்பு உள்ளவருக்குத் தெரியவே தெரியாது. 6 நொடிதான் உள்ளவருக்குப் படம் நின்றுவிடும். தேர் ஊர்வலத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் 25 நொடி தாமதம் யாருக்கும் நட்டமில்லை. யூடியூபில் சாதாரணத் தாமதம், குறைந்த தாமதம், மிகக் குறைந்த தாமதம் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். பார்வையாளரோடு பேசப் போவதில்லை என்றால் முதல் தேர்வையே விடுங்கள். "லைவ்வாக இருக்க வேண்டும்" என்ற ஆசையில் மூன்றாவதைத் தொடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் வீண் தொல்லை.

உண்மையிலேயே தாமதம் கூடாத நேரங்களும் உண்டு. தந்தையின் கருமக்கிரியையில் வெளிநாட்டில் இருக்கும் மகன் குருக்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றால் 25 நொடி ஆகாது. அது நேரலைக்குரிய வேலையில்லை, காணொளி அழைப்புக்குரிய வேலை. பிரவுசரில் அதைச் செய்வது வெப்ஆர்டிசி. 2021 ஜனவரியில் அது அதிகாரபூர்வ வலைத்தரமானது. ஒரு நொடிக்கும் குறைவான தாமதத்தில் இருபுறமும் பேசலாம். ஆனால் நெட் தடுமாறினால் அது காத்திருக்காது, படத்தைக் கலங்கடித்துவிட்டு முன்னே போகும். அதனால் மகனுக்கு ஓர் அழைப்பு, மற்ற உறவினர்களுக்குத் தனியாக ஒரு நேரலை என்று இரண்டையும் பிரித்துவிடுவது நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்கு நேரம் சொல்லும்போது நம்மைவிட அவர்கள் இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாரும் பார்க்காமல் போன நேரலைகளில் பாதிக்கு அதுதான் காரணம் என்றே எனக்குத் தோன்றும்.

ஒரே பக்கம், வேறு வேறு பிரவுசர்

ஒருகாலத்தில் பிரவுசரில் படம் ஓட ஃபிளாஷ் வேண்டும். 2020 டிசம்பர் 31 அன்று அடோபி அதன் ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் உள்ளடக்கம் ஓடுவதையே தடுத்தும் விட்டது. ஃபிளாஷ் பிளேயரை நம்பி எழுதிய பழைய சங்கத் தளங்களில் இன்றும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி மட்டும் தெரியும். ஃபிளாஷை மறுபடி நிறுவி அதை உயிர்ப்பிக்க முடியாது. அந்தப் பக்கத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இன்றைய வழி எச்டிஎம்எல்5 வீடியோ பெட்டி. ஐபோன், ஐபேட், மேக் ஆகியவற்றில் சஃபாரிக்கு எச்எல்எஸ் பட்டியலின் முகவரியை நேரடியாகக் கொடுத்தால் போதும், தானே ஓட்டிக்கொள்ளும். மேசைக் கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் போன்றவற்றுக்கு நடுவில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வேண்டும். அது துண்டுகளை இறக்கி, மீடியா சோர்ஸ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற வாசல் வழியாகப் பிரவுசருக்கு ஊட்டும். 2016இல் தரமான வாசல் அது. எச்எல்எஸ்.ஜேஎஸ், ஷாகா பிளேயர், வீடியோ.ஜேஎஸ் எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன. ஐபோனில் மட்டும் அந்த வாசல் நெடுநாள் மூடியே இருந்தது. ஐஓஎஸ் 17.1இல்தான் மேனேஜ்டு மீடியா சோர்ஸ் என்ற பெயரில் ஒரு மாற்று வாசல் திறந்தது. டாஷ் முறையில் மட்டும் அனுப்பினால் பழைய ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போவது இதனால்தான். சொந்தத் தளத்தில் ஒளிபரப்புகிறவர்கள் எச்எல்எஸ்ஸையே வைத்துக்கொள்ளுங்கள்.

"என் கணினியில் ஓடுகிறது, அவர்களுக்கு ஓடவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி இந்த நடுநிரலைச் சுற்றியே இருக்கும். நிரல் ஒரு தளத்திலும் துண்டுகள் வேறு சர்வரிலும் இருந்தால், அந்தச் சர்வர் "வேறு தளத்திலிருந்து கேட்டாலும் கொடுக்கலாம்" என்று தன் பதிலோடு வரும் ஹெடர் குறிப்பில் அனுமதி தர வேண்டும். கோர்ஸ் என்பார்கள். அந்த அனுமதி துண்டுகளின் பட்டியலுக்கு மட்டும் இருந்து துண்டுகளுக்கு இல்லையென்றால், தலைப்பும் படச்சட்டமும் வந்து படம் மட்டும் வராது. அதேபோல் பக்கம் எச்டிடிபிஎஸ் ஆகவும் படத்தின் முகவரி வெறும் எச்டிடிபி ஆகவும் இருந்தால் பிரவுசர் சத்தமில்லாமல் மறுத்துவிடும். விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளில் அதே முகவரி அழகாக ஓடும், ஏனென்றால் விஎல்சிக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. விஎல்சியில் ஓடிப் பிரவுசரில் ஓடாவிட்டால், முதல் சந்தேகம் இந்த இரண்டின் மேல்தான் விழ வேண்டும்.

தானாக ஓடும் என்று எதிர்பார்ப்பது இன்னொரு தவறு. 2018இல் குரோம் 66 வந்ததிலிருந்து, பார்வையாளர் ஒருமுறையாவது தொடாமல் ஒலியோடு படம் தானாக ஓடாது. ஒலியை அணைத்து வைத்தால் ஓடும். ஐபோனில் படம் பக்கத்துக்குள்ளேயே ஓட வேண்டும் என்று குறிக்காவிட்டால் திரை முழுவதும் விரிந்துகொள்ளும். மின்சேமிப்பு முறையில் இருந்தால் ஒலியில்லாப் படமும் தானாகத் தொடங்காது. இதையெல்லாம் ஏமாற்றப் பார்ப்பதைவிட, நடுவில் பெரிதாக ஒரு பட்டனும் அதன்மேல் "பார்க்க இங்கே தொடவும்" என்ற வாசகமும் வைத்துவிடலாம். வயதானவர்கள் குழம்பாத ஒரே வடிவம் அது.

பழைய கைப்பேசிகளுக்கு வேறொரு சிக்கல். பேரன் புதிது வாங்கியதும் பழையது பாட்டி கைக்குப் போகும். அது ஆண்ட்ராய்டு 7.1க்கு முந்தையது என்றால், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழை வைத்திருக்கும் தளங்களை அது நம்பாது. அவற்றுக்காக நீட்டித்து வைத்திருந்த பழைய சான்றுவழி 2024 செப்டம்பரோடு காலாவதியாகிவிட்டது. "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை அதில் வந்தால் லைனையும் கோயிலையும் குறை சொல்ல வேண்டாம்; அந்தக் கைப்பேசிக்கு யூடியூப் இணைப்பை அனுப்புங்கள். ஆனால் தேதி தவறாக அமைந்த கைப்பேசியிலும் இதே எச்சரிக்கை வரும், ஆகவே முதலில் தேதியைப் பாருங்கள்.

வட்டம் சுற்றுவது வேறு, படம் திக்குவது வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். படம் நின்று, ஒலியும் நின்று, வட்டம் சுற்றினால் தண்ணீர் வந்து சேரவில்லை. ஒலி சீராகப் போக, படம் மட்டும் வெட்டி வெட்டி ஓடினால் தண்ணீர் வந்துவிட்டது, குடிக்கத்தான் முடியவில்லை. அதாவது அந்தக் கருவியால் படத்தை வேகமாக விரிக்க முடியவில்லை. முதலாவதற்குத் தரத்தைக் குறைக்கலாம், ரூட்டருக்கு அருகில் போகலாம். இரண்டாவதற்கு ரூட்டரை மாற்றி ஒரு பயனும் இல்லை. மற்ற தாவல்களை மூடி, 1080இலிருந்து 720க்கு அல்லது 480க்கு இறக்குங்கள். பழைய மடிக்கணினியில் யூடியூப் விபி9 அல்லது ஏவி1 என்ற சுருக்க வடிவத்தைக் கொடுத்தால், அதை விரிக்கும் சிப் உள்ளே இல்லாததால் முழுச் சுமையும் செயலியின் தலையில் விழும். விசிறி சத்தம் போடுவதே அடையாளம்.

யூடியூபில் படத்தின்மேல் வலது கிளிக் செய்தால் "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்ற பலகை வரும். பஃபர் எத்தனை நொடி கையிருப்பில் இருக்கிறது, எத்தனை ஃபிரேம் (தனிப்படம்) தவறவிடப்பட்டது, நேரலையிலிருந்து எத்தனை நொடி பின்னால் என்று மூன்றும் அதில் இருக்கும். கையிருப்பு மெல்ல மெல்லச் சுழியை நோக்கி இறங்கினால் நெட். கையிருப்பு 15 நொடி இருக்க, தவறவிட்ட ஃபிரேம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கருவி.

மற்ற தளங்களில் எஃப்12 விசையை அழுத்தி நெட்வொர்க் தாவலைத் திறங்கள். துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுவது கண்ணுக்குத் தெரியும். 6 நொடித் துண்டு இறங்க ஒன்றரை நொடி ஆனால் நிம்மதி. 5 நொடி ஆனால் விளிம்பில் நிற்கிறீர்கள். 7 நொடி ஆனால் படம் நிற்கப் போகிறது. எப்போது என்பதுதான் கேள்வி. துண்டுக்கு 404 என்று வந்தால் பட்டியலில் பெயர் இருக்கிறது, கோப்பு சர்வரில் இல்லை. 403 என்றால் அனுமதி மறுப்பு. முகவரியோடு வரும் அனுமதிச் சீட்டுக் காலாவதியாகியிருக்கலாம், அல்லது இந்த நாட்டுக்கு அனுமதியில்லாத நிகழ்ச்சியாக இருக்கலாம். பட்டியல் திரும்பத் திரும்ப 200 (சரி) என்று வந்தும் புதுத் துண்டு எதுவும் சேரவில்லையா? நடுவில் நின்று பிரதியெடுத்துப் பரப்பும் சிடிஎன் சர்வர்கள் பழைய பட்டியலையே சேமித்து வைத்துக் கொடுக்கின்றன. சொந்த ஒளிபரப்பில் இது அடிக்கடி நடக்கும். துண்டுகள் மாறாதவை, அவற்றை எவ்வளவு நேரமும் சேமிக்கலாம். பட்டியலை ஓரிரண்டு நொடிக்கு மேல் சேமிக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே விதி எழுதினால் ஊரே ஒரே காட்சியில் உறைந்து நிற்கும்.

பாதியில் அனுப்பும் மடிக்கணினி நின்று மறுபடி தொடங்கினால் இன்னொன்று நேரும். துண்டுகளின் வரிசை எண் 0இலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டால், 840ஆம் துண்டுக்காகக் காத்திருக்கும் பிளேயர் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். புதிதாகப் பக்கத்தைத் திறந்தவருக்கு ஓடும், முதலிலிருந்து பார்த்தவருக்கு ஓடாது. எண் தொடர வேண்டும், இடையில் தொடர்ச்சி அறுந்தது என்ற குறியும் பட்டியலில் விழ வேண்டும். அதுவரைக்கும் பார்வையாளர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒரு வரிதான்: பக்கத்தை ஒருமுறை புதுப்பியுங்கள்.

அனுப்பும் மேசையில்

அனுப்பும் இடத்தில் கெட்டதை, பார்க்கும் இடத்தில் யாராலும் சரிசெய்ய முடியாது. ஓபிஎஸ் என்ற இலவச ஒளிபரப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு அடிப்படை அமைப்பு இது: 720 தரம், நொடிக்கு 25 ஃபிரேம், சுருக்க வடிவம் எச்.264, மாறாத பிட்ரேட் 2500 முதல் 3000 கிலோபிட், கீஃபிரேம் (முழுப் படத்தையும் தாங்கி வரும் ஃபிரேம்) இடைவெளி 2 நொடி, ஒலிக்கு ஏஏசி 128 கிலோபிட், 48 கிலோஹெர்ட்ஸ். கீஃபிரேமைத் தானியங்கியில் விடக் கூடாது. துண்டு எப்போதும் கீஃபிரேமில்தான் வெட்டப்படும்; அது தோன்றும்போது வந்தால் துண்டுகள் ஏறுக்கு மாறாக நீளும், தரம் மாறும்போதெல்லாம் படம் தடுக்கும்.

25 ஃபிரேம் என்பதற்குக் காரணம் நம் மின்சாரம். மலேசியாவில் அது 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கைப்பேசியும் பல கேமராக்களும் 30 ஃபிரேம் என்று வைத்தே வருவதால், மண்டபத்து எல்இடி சரங்களும் குழல்விளக்குகளும் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃபிரேம், ஷட்டர் 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஐபோனில் கேமரா அமைப்புக்குள் "பிஏஎல் வடிவங்களைக் காட்டு" (Show PAL Formats) என்பதை இயக்கினால்தான் 25 தெரியும்.

அப்லோட் வேகத்தை நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில் அளந்து பாருங்கள். காலியான மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை மதியம் அளந்த எண்ணால் பயனில்லை. அளந்ததில் பாதிக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். 6 எம்பிபிஎஸ் வந்தால் 3க்கு மேல் போகக் கூடாது. வைஃபையை விட்டு கேபிள் போடுங்கள், ஆயிரம் கைப்பேசிகள் வைஃபை தேடும் கூடத்தில் காற்றில் இடமிருக்காது. பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் தைப்பூசத்தன்று கைப்பேசிக் கோபுரத்தை மட்டும் நம்பி அனுப்புவது ஆபத்து. முழுப் புள்ளி சிக்னல் தெரியும், ஆனால் அந்தக் கோபுரத்தின் மேலேற்றும் திறனைச் சுற்றியுள்ள எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். ஃபைபர் இருக்கும் கட்டடத்திலிருந்து கேபிள் இழுப்பதே முதல் வழி. முடியாவிட்டால் இரண்டு வேறு நிறுவன சிம்களைச் சேர்த்து அனுப்பும் கருவியும், பாக்கெட் தொலைந்தால் திருப்பிக் கேட்டு வாங்கும் எஸ்ஆர்டி முறையும் கைகொடுக்கும். கோலாலம்பூரில் மாலை இடிமழைக்கு மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் ரூட்டர் எழுந்து வர இரண்டு மூன்று நிமிடமாகும். மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு; ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சிறு யூபிஎஸ் வையுங்கள்.

ஓபிஎஸ்ஸின் புள்ளிவிவரப் பலகையில் மூன்று விதமான ஃபிரேம் இழப்பு தனித்தனியாகத் தெரியும். நெட்வொர்க்கால் விழுந்தவை என்றால் பிட்ரேட்டைக் குறையுங்கள். என்கோடிங் (படத்தைச் சுருக்கும் வேலை) தாமதம் என்றால் செயலி திணறுகிறது. கிராபிக்ஸ் சிப்பின் என்கோடருக்கு மாறுங்கள். ரெண்டரிங் தாமதம் என்றால் திரையில் அலங்காரம் அதிகம். சுழலும் லோகோவையும் ஓடும் எழுத்தையும் எடுத்துவிடுங்கள்.

ஒலிக்கு இதைவிட அதிகக் கவனம் வேண்டும். படம் சற்று மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். மந்திரமும் நாதஸ்வரமும் கரகரத்தால் மூடிவிட்டுப் போவார்கள். தவில் ஓர் அடியில் உச்சத்துக்குப் போகும் வாத்தியம். பேச்சுக்கு அளவு வைத்து விட்டுவிட்டால் தவில் தொடங்கியதும் ஒலி உடையும். பேச்சை மைனஸ் 20 டெசிபல் அளவில் வைத்து, ஒலி உச்சத்தைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை மைனஸ் 3இல் நிறுத்துங்கள். மண்டப மிக்சரிலிருந்து கேபிள் எடுக்கும்போது இன்னொரு பொறி உண்டு. ஒரே ஒலியை ஒரு கம்பியில் நேராகவும் மறு கம்பியில் தலைகீழாகவும் அனுப்பும் பேலன்ஸ்டு மோனோ வெளியீட்டை ஸ்டீரியோ உள்ளீட்டில் செருகினால், இடமும் வலமும் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பதியும். ஹெட்போனில் கேட்கும் தம்பிக்கு ஒலி இருக்கும். ஒரே ஸ்பீக்கர் உள்ள கைப்பேசியில் இரண்டும் கூடிச் சுழியாகி ஒலியே காணாமல் போகும். "சத்தம் வரல" என்று பத்துப் பேர் எழுதுவார்கள், பத்துப் பேர் "எனக்கு வருது" என்பார்கள். ஓபிஎஸ்ஸில் அந்த ஒலி மூலத்துக்கு ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து மோனோவாக்கினால் தீர்ந்தது. சோதனை செய்யும்போது ஒருமுறையாவது சாதாரணக் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டுவிடுங்கள்.

சொந்த சர்வரிலிருந்து நேரடியாக ஒளிபரப்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பெருக்கல்: 500 பேர், ஆளுக்கு 1.5 எம்பிபிஎஸ் என்றால் 750 எம்பிபிஎஸ். கோயில் அலுவலக லைன் தாங்காது. நீங்கள் ஒரே ஒரு பிரதியை மேலேற்ற, பரப்புவதை யூடியூபோ ஒரு சிடிஎன்னோ செய்யட்டும். யூடியூபில் முதன்முறை நேரலை வசதியை இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதையும் மறக்காதீர்கள். நிகழ்ச்சி நாளன்று காலையில் புதுக்கணக்குத் தொடங்கிய செயலவைகளுக்கு அன்று நேரலை இல்லை.

பார்ப்பவரின் டேட்டா கணக்கும் எளிது. 1 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 450 எம்பி. 720 தரத்தில் 3 எம்பிபிஎஸ் ஓடினால் 1.35 ஜிபி. 360 தரத்தில் 0.8 எம்பிபிஎஸ் என்றால் 360 எம்பி. ஒலி மட்டும் 64 கிலோபிட்டில் என்றால் 29 எம்பிதான். சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் பட்டியலில் ஒலி மட்டுமான ஒரு வரியும் சேருங்கள். பண்டிகை நாளில் லாரியிலும் கடையிலும் வேலையில் இருப்பவர்கள் பூசையைக் காதால் கேட்பதற்கு அது போதும்.

முடிந்த பிறகு பார்க்கிறவர்கள்

நேரலையைப் பார்ப்பவர்களைவிட, அப்புறம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதிகம். ஆனால் பதிவைப் பற்றி யோசிப்பது நிகழ்ச்சி முடிந்த பிறகுதான். அதற்குள் பாதி கை நழுவிவிடுகிறது. யூடியூப் 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலையைத்தான் தானாகப் பதிவாக்கி வைக்கும். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து இரவில் புறப்படும் வெள்ளி ரதம் பத்துமலை போய்ச் சேர மறுநாள் ஆகிவிடும். ஒரே நேரலையாக ஓட்டினால் 12 மணி நேரத்தைத் தாண்டிவிடும். 8 அல்லது 10 மணி நேரத்தில் முடித்து அடுத்ததைத் தொடங்குங்கள். ஃபேஸ்புக்கில் 2025 பிப்ரவரி முதல் புதிய நேரலைப் பதிவுகள் 30 நாளில் அழிக்கப்படுகின்றன. கருமக்கிரியைப் பதிவை ஆண்டுத் திவசத்தில் தேடும் குடும்பத்துக்கு அது இருக்காது. எங்கே ஒளிபரப்பினாலும் ஓபிஎஸ்ஸில் பதிவு பட்டனையும் சேர்த்து அழுத்தி, ஒரு பிரதியை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

பதிவை எம்பி4இல் நேரடியாக எழுத வேண்டாம், எம்கேவியில் எழுதுங்கள். எம்பி4 கோப்புக்குள் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பேடு கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் மூன்று மணி நேரப் பதிவும் திறக்காது. எம்கேவி அதுவரை எழுதியதைக் காப்பாற்றும். நிகழ்ச்சி முடிந்ததும் ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் கொடுத்தால் தரம் குறையாமல் சில நிமிடத்தில் எம்பி4 ஆகிவிடும். மாற்றாமல் எம்கேவியையே தளத்தில் ஏற்றினால் சஃபாரியில் ஓடாது.

அந்தக் குறிப்பேடு வலையிலும் வேலையைக் காட்டும். அது கோப்பின் வாலில் இருந்தால் பிரவுசர் தலையைப் படித்து, வாலுக்குத் தாவி, மறுபடி முன்னே வர வேண்டும். கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டு வாங்குவதற்கு சர்வர் இடம்கொடுக்காவிட்டால் தாவவும் முடியாது. 2 ஜிபியும் இறங்கிய பிறகுதான் முதல் காட்சி. ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்ற தேர்வோடு எம்பி4ஐ எழுதினால் குறிப்பேடு முன்னுக்கு வந்துவிடும். சர்வர் பகுதிக் கோரிக்கைக்கு 206 என்று பதில் தருகிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் சஃபாரி ஓட்டவே மறுக்கும், மற்றவற்றில் நடுவிலிருந்து பார்க்க இழுத்தால் தொடக்கத்துக்கே திரும்பும்.

ஐபோனில் எடுத்த காணொளியை அப்படியே ஏற்றுபவர்களுக்கு வேறு தலைவலி. 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து அது எச்இவிசி வடிவத்தில் பதிகிறது; பல கணினிகளில் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக இருக்கும். கேமரா அமைப்பில் "மிக இணக்கமானது" என்பதைத் தேர்ந்தால் எச்.264 ஆகப் பதியும்.

தமிழ் வசன வரிகள் சேர்ப்பவர்கள் கோப்பை யூடிஎஃப்-8 என்ற யுனிகோடு குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். பிரவுசர் படிக்கும் வெப்விடிடி வடிவத்துக்கு அது கட்டாயம். நம் நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு 1985லேயே வந்துவிட்டதால், யுனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் தட்டெழுதிய தேவாரமும் திருப்புகழும் பல கோயில் கணினிகளில் இன்னும் கிடக்கின்றன. அவை அருமையான சேமிப்பு. யுனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் திரையில் புள்ளியும் கோடுமாக ஓடும்.

மண்டபத்தில் சினிமாப் பாடல் பின்னணியில் ஒலித்திருந்தால் அந்தப் பதிவு உரிமைக் கோரிக்கையில் மாட்டி ஊமையாகவோ முடக்கமாகவோ ஆகலாம். தாலி கட்டும் நேரத்திலாவது கெட்டிமேளம் மட்டும் இருக்கட்டும் என்று ஒலிபெருக்கிக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நிறுத்தும் பட்டனை அழுத்துவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மேடையில் தீபாராதனை முடிந்ததும் ஒளிபரப்பைத் துண்டிக்கிறோம். 25 நொடி பின்னால் இருக்கும் வீட்டுத் திரையில் திடீரென்று "நேரலை முடிந்தது" என்ற பலகை வந்து விழலாம். சந்நிதியைக் காட்டியபடி கேமராவை இன்னும் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். தூரத்துத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிக்குக் கற்பூரம் இப்போதுதான் ஏற்றப்படுகிறது.